ஜெயமேரிக்குப் பிடிக்காத முடிவுகள்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது காஞ்சிபுரத்தில் ஒரு புதுப் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தால், தியேட்டர் வாசலில் ஒருத்தன் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் இன்னொருத்தன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். "அக்கா, படம் எப்படிக்கா இருக்குது? பாட்டெல்லாம் ஓகேவா?" என்று என்னைத்தான் கேட்டான். கூட வந்திருந்த என் மகள் முந்திக்கொண்டு, "எங்கம்மாகிட்டயா கேக்கறீங்க? நிறுத்தவே மாட்டாங்க" என்று சிரித்தாள். நான் "பாக்கலாம்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். மகளுக்கு ஒரே ஆச்சரியம். பஸ் ஏறும் வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் ஆச்சரியப்படுவதில் தப்பில்லை. கருத்துச் சொல்லாமல் நான் ஒரு படத்தையும் விட்டதில்லை. டைட்டில் எழுத்தின் சைஸ் முதல் வில்லனின் விக் வரைக்கும் பேசுவேன். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள் என்றாலும், உலக சினிமாவே என்னைக் கேட்டுக்கொண்டுதான் நடக்கிறது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை வளர்த்துவிட்டவள் ஜெயமேரி. தியேட்டர் வாசலில் வெண்ணெய் போட்ட பாப்கார்ன் வாசனை அடிக்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவு வரும். நானோ அவளோ பாப்கார்ன் தின்றால் மட்டும் அந்த வாசனை வராது. எங்கள் விரல்களில் எப்போதும் புதுப் பட்டு வாசனைதான். சோப்பு போட்டாலும் போகாது.

கல்யாணத்துக்கு முன்னால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் வேலை பார்த்தேன். நானும் ஜெயமேரியும் முகூர்த்தப் புடவை பகுதியில். ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்குவார்கள். மெத்தை விரிப்பில் உட்கார்ந்து, கடையில் இருக்கிற புடவையெல்லாம் பிரிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். மாமியார் சிவப்பு என்பார், நாத்தனார் பச்சை என்பார், கல்யாணப் பெண் வாயே திறக்காது. கடைசியில் முதன்முதலாகக் காட்டிய புடவையையே எடுத்துக்கொண்டு போவார்கள். அப்புறம் அந்தக் குவியல் எங்கள் தலையில்.

பட்டுப் புடவையை ஒருத்தியாக மடிக்கக் கூடாது. ஜரிகை மடங்கி முறிந்துவிடும். முந்தியைப் பிடித்துக்கொண்டு அவள் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். மடித்து மடித்துக் கிட்டே வருவோம், அடுத்த புடவைக்கு மறுபடி விலகிப் போவோம். எங்கள் சினிமாப் பேச்செல்லாம் இதற்கு நடுவில்தான். சூப்பர்வைசர் திரும்பினால், புடவை விலை பேசுவது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோம்.

"இன்னாடி, நேத்து பாத்தியா?"

"பாத்தேன். சூப்பரா இருந்துச்சு. கடைசில ஓன்னு அழுதுட்டேன்."

"அழுதியா? அப்ப குப்பை."

அவ்வளவுதான் அவள் விமரிசனம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அழவைக்காத படமெல்லாம் ஒரு படமா என்பது என் கட்சி. காசு கொடுத்து அழுகிறவளுக்கு மூளை இருக்கிறதா என்பது அவள் கட்சி. அடுத்த புடவைக்கு விலகிப் போகும்போது, "உனக்கு ரசனை கெடையாதுடி" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். "இருக்கறதாலதான் தப்பிச்சேன்" என்பாள்.

படம் பார்ப்பதும் எங்களுக்குத் தொழிலோடு சேர்ந்ததுதான். "அந்தப் பாட்டுல மழையில கட்டிக்கினு ஆடுவாளே, அந்தக் கலர் இருக்குதாம்மா?" என்று கேட்டு வருவார்கள். எந்தப் பாட்டு, எந்த மழை என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜெயமேரிக்குத் தெரிந்ததோடு நிற்காது. "அது பட்டே இல்லம்மா. பட்டு நனைஞ்சா அந்த மாதிரி ஒட்டாது, ஏமாறாதீங்க" என்று வாடிக்கையாளருக்கே வகுப்பெடுப்பாள். இதற்காக அவள் திட்டு வாங்காத வாரம் கிடையாது.

ஒரு விஷயம் சொன்னால் நம்பமாட்டீர்கள். இவ்வளவு பேசினோமே, ஒரு படத்தைக்கூட நாங்கள் சேர்ந்து பார்த்ததில்லை. ஒரே பகுதியில் வேலை செய்கிற இரண்டு பேருக்கு ஒரே நாளில் லீவு கொடுக்கமாட்டார்கள். அவளுக்குச் செவ்வாய், எனக்கு வியாழன். செவ்வாய்க்கிழமை போனால் தியேட்டர் காலியாக இருக்கும், நல்ல சீட் கிடைக்கும். ஆனாலும் புதுப் படம் வந்ததும் அவள் போகமாட்டாள். நான் வியாழக்கிழமை பார்த்துவிட்டு வந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் அடுத்த செவ்வாய் கிளம்புவாள்.

"கடைசில அந்தப் பொண்ணு இருக்கறாளா, போய்டறாளா?"

"அத சொல்லிட்டா அப்புறம் இன்னாடி இருக்குது படத்துல?"

"அத மட்டும் சொல்லிடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

போய்விடுகிறாள் என்று சொன்னால், அந்தப் பெண் சாவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து வந்துவிடுவாள். கேட்டால், அவள் ஊர் திருப்புட்குழிக்கு பஸ் பிடிக்க வேண்டுமாம். அவளைப் பொறுத்தவரை காஞ்சிபுரத்தில் ஓடிய எந்தப் படத்திலும் கதாநாயகி செத்ததே கிடையாது. ஒரு தடவை நான் ரொம்பக் கிண்டல் செய்தபோது மட்டும், "எங்கம்மா போனப்ப அழுதது போதும்டி" என்றாள். அதற்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை என்று சொல்ல ஆசைதான். செய்துகொண்டுதான் இருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி ஓசூருக்குப் போனேன். அவளுக்கும் அந்தோணி அண்ணனோடு கல்யாணம் ஆனது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நல்ல மனிதர், ஆனால் தியேட்டரில் விளக்கை அணைத்ததும் தூங்கிவிடுவார். "டைட்டில் முடியறதுக்குள்ள கொறட்டடி. இவர் கூட வாழ்ந்துக்கினு நான் யார்கிட்ட பேசறது?" என்று அலுத்துக்கொள்வாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஃபோன் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. ஓசூரில் நான் வேலை பார்த்த இடத்தில் அன்று லீவு. அவளுக்கு மாதா கோயிலில் பாட்டுப் பாடிவிட்டு வந்த தெம்பு.

கோயில் பாட்டுக் குழுவில் இருந்ததால் புதுப் பாட்டுகள் பற்றி அவள் சொல்வது சட்டம் மாதிரி. இவன் மூக்கால் பாடுகிறான், இவளுக்கு மூச்சு பத்தவில்லை, இந்தப் பாட்டில் மேளம்தான் இருக்கிறது பாட்டைக் காணோம். எனக்குப் பிடித்த மெதுவான பாட்டுக்கெல்லாம் அவள் வைத்த பெயர் தூக்க மாத்திரை. புதுசாக ஒன்று பிடித்துவிட்டால் உடனே காலர் ட்யூனாக வைத்துவிடுவாள். நான் ஃபோன் செய்தால் எடுக்கவே மாட்டாள். பாட்டு முழுதாக முடிகிற வரைக்கும் என்னைக் கேட்கவைத்துவிட்டு எடுத்து, "பூரா கேட்டியா? எப்படி?" என்பாள். என் வீட்டுக்காரர், "இவ்ளோ நேரம் ஹலோகூட சொல்லாம இன்னா பண்ற?" என்று கேட்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் காலர் ட்யூன் மாறாமல் நின்றது. ஒரே பாட்டு, மாதக்கணக்கில். "இன்னாடி, சோம்பேறி ஆயிட்ட" என்றேன். "இதுவே நல்லாதான் இருக்குது" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே எனக்குப் புதுசு. அப்புறம் எதைக் கேட்டாலும் அதே பதில். அந்தப் படம் எப்படி? நல்லாதான் இருக்குது. அந்தப் பாட்டு? நல்லாதான் இருக்குது. ஊரே காறித் துப்பிய ஒரு படத்தைக்கூட, ஒருதரம் பார்க்கலாம் என்றாள். வீடியோ காலில் வரச் சொன்னால் கேமரா உடைந்துவிட்டது என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. வயசாக ஆகப் புத்தி மழுங்கிப் போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் ஆற்றில் போகிற படம் ஒன்று வந்தது. கதாநாயகி கடைசியில் வெள்ளத்தில் போய்விடுவாள். நான் அழுத அழுகையில் மூக்கெல்லாம் சிவந்து போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கேட்டால், "நல்லா இருந்துச்சுடி. கடைசில ரெண்டு பேரும் ஊருக்கு வந்து ஓட்டல் வெச்சிக்கறாங்க இல்ல, அது நல்லா இருந்துச்சு" என்கிறாள்.

"ஓட்டலா? அவ ஆத்துல போய்டறாடி!"

"இல்லியே. ஓட்டல்ல இட்லி ஊத்திக்கினு இருக்கறாளே."

"ஏய், வழக்கம்போல பாதில எழுந்து பஸ்ஸுக்கு ஓடிட்டு எங்கிட்டயே கதை விடறியா? அவ செத்துப் போய்டறா. பொணத்தையே காட்டறாங்க. அறிவிருக்குதா உனக்கு?"

"அப்படியா? அப்ப நான் பாத்த படம்தான் நல்ல படம்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஐஸ் வாட்டர் குடித்துவிட்டேன் என்றாள். "இன்னும் கொஞ்சம் திட்டுடி" என்று வேறு கேட்டாள். நானும் வஞ்சனை இல்லாமல் திட்டினேன்.

அந்த மழைக்காலம் முடியும்போது அந்தோணி அண்ணன் ஃபோன் செய்தார். அவள் போய்விட்டாள். புற்றுநோய் என்றார். எனக்கு அந்த வார்த்தை காதில் ஏறவே இல்லை. ஓசூரிலிருந்து ஓடிப் போனேன். பெட்டிக்குள் இருந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு சின்னதாகிப் போயிருந்தாள். அங்கே யாரிடமும் எதுவும் கேட்க முடியவில்லை.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு மறுபடி போனேன். வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்தோணி அண்ணன் வாசல் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாம்மா. மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரிலதான் பாதி நாளு. பாக்க வர்றவங்க எல்லாம் தேறிட்ட, நல்லா இருக்கற, மொகம் தெளிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டுப் போவாங்க. அவளுக்குத்தான் தன் ஒடம்பு தெரியுமே. உன்னப் பத்தி, 'அவளுக்குத் தெரிஞ்சா அவளும் நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னு ஆரம்பிச்சுடுவா. அப்புறம் என்கூட சண்ட போட யாரு?'ன்னு கேப்பா. நீ திட்டினா அன்னிக்குப் பூரா சிரிச்சிக்கினு இருப்பாம்மா."

"படம் பாத்தேன்னு சொல்லுவாளேண்ணா?"

"நான்தான் பாத்தேன். 'போயி பாத்துட்டு வந்து சொல்லு, ஞாயித்துக்கெழம அவ ஃபோன் பண்ணுவா, நான் இன்னா பேசறது'ன்னு அனுப்புவா. உக்காந்தா தூங்கிடுவேன்னு செவுத்தோரம் நின்னுக்கினே பாப்பேன். வந்து சொன்னா, எப்படி இருந்துச்சும்பா. நல்லா இல்லன்னு அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரலம்மா. எதப் பத்தியும் வரல." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "அந்த ஆத்துல போற படத்த அந்தப் படுக்கைல கெடக்கறவகிட்ட எப்படிச் சொல்றது? நானே ஒரு ஓட்டல் வெச்சிக் குடுத்துட்டேன்."

பிணத்தையே காட்டுகிறார்கள் என்று கத்தியது நான்தானே. அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நீ ஒண்ணும் நெனச்சிக்காத. ஃபோன வெச்சிட்டு என்னையே பாத்தா. திட்டப் போறான்னு நெனச்சேன். 'உன் ஓட்டல்ல இட்லி மட்டும்தானா, தோசை கெடையாதா?'ன்னு கேட்டா."

அடி பாவி, அடி பாவி என்று சொல்லிச் சொல்லி அழுதேன். எனக்கு அவள்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்க எனக்கு உரிமை இல்லையா? சண்டைக்காரியாக மட்டும் என்னை வைத்துக்கொண்டு போய்விட்டாளே. அந்தோணி அண்ணன் நான் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கடைசியா ஒரு படம் பாத்தேம்மா. பாத்துட்டு வர்றதுக்குள்ள அவளுக்கு நெனவு தப்பிடுச்சு. சொல்லவே முடியல. எனக்குள்ளயே இருக்குது. உனக்குச் சொல்லட்டுமா?"

அது நான் ஓசூரில் பார்த்த படம்தான். பார்த்துவிட்டேன் என்று சொல்லவில்லை. "சொல்லுண்ணா" என்றேன்.

கதை சொல்லவே தெரியாது அவருக்கு. பெயர் எதுவும் நினைவில்லை. தாடிக்காரன், தாடிக்காரன் தம்பி, கண்ணாடி போட்ட அம்மா, அவ்வளவுதான். முன்னால் வருவதைப் பின்னால் சொன்னார். பாட்டு வருகிற இடத்தில் ஒரு வரியை முணுமுணுத்துப் பார்த்து விட்டுவிட்டார். ஆனால் கையை ஆட்டி ஆட்டி, கண்ணை அகலமாக்கி, ஒரு மணி நேரம் சொன்னார். கடைசியில் அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவுக்கு உடம்பு சரியாகி, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்து, தாடிக்காரனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.

"எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குதுண்ணா."

"நெஜமாவா?"

"நெஜமா."

அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். படத்தில் அந்த அம்மா இடைவேளைக்கு முன்னாலேயே செத்துவிடுவார். பாட்டும் சரியில்லை, தம்பியாக வந்தவனுக்கு நடிக்கவும் தெரியவில்லை. அவள் இருந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடித்துக்கொண்டிருக்கலாம். குப்பை என்று என் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு இருந்தது ஒரே ஒருத்தி. இப்போதும் படம் பார்க்கிறேன், பாட்டு கேட்கிறேன். எல்லாமே நல்லாத்தான் இருக்கிறது.