அதிகாரம் போடாத வசன அட்டை

நான்கு வருஷத்துக்கு முன்பு, ஒரு பிப்ரவரி மாத மத்தியானம், கிள்ளையில் நடந்தது இது. 

கடலூர் முதுநகரில் ஜெராக்ஸ் கடை வைத்து, டி.டி.பி. வேலையும் செய்கிறவள் நான். எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவரும் தட்டிலிருந்து ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுப்பார்கள். அதில் இருக்கும் வேத வசனம்தான் அந்த வருஷத்துக்குக் கடவுள் அவர்களுக்குக் கொடுத்த வார்த்தை. அட்டை தயாரிப்பது என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பூப்போட்ட பார்டர், பெரிய எழுத்து, இரண்டே வரி. வசனம் நீளமாக இருந்தால் மீதியை வெட்டிவிடுவேன். அந்த வருஷம், டிசைன் கெடுகிறது என்று, அது வேதத்தில் எந்த அதிகாரத்தில் வருகிறது என்பதையும் எடுத்துவிட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். நானும் குளிர்ந்துபோனேன்.

எங்கள் சபை அக்கா ஒருவர், கணவர் இறந்தபின் அவருடைய ஊரான கிள்ளையில் தனியாக இருந்தார். சர்க்கரைக்கு தினமும் இன்சுலின் ஊசி. புத்தாண்டுக்கு வந்து அட்டை எடுத்துப் போனவர், அப்புறம் சபைப் பக்கமே வரவில்லை. ஒருநாள் துபாயிலிருந்து அவர் மகன் போன் செய்தான். "ஆன்ட்டி, அம்மா என்ன கேட்டாலும் ஒரே வரியத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றாங்க. பயமா இருக்கு. கொஞ்சம் போயி பாக்குறீங்களா?"

மறுநாளே சிதம்பரம் போய், டவுன் பஸ் மாறி, கிள்ளையில் இறங்கினேன். உச்சி வெயில். வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஃபேன் சத்தம்கூட இல்லை. கதவில் என் அட்டை. பரவாயில்லையே என்று உள்ளே நுழைந்தால், நாலு சுவரிலும் அதே அட்டை! ஜெராக்ஸ் எடுத்து எடுத்து ஒட்டியிருந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியில், கடிகாரத்தின் மேல், ஜன்னல் கம்பியில். இந்த நோய் சாவில் முடியாது என்று சொல்லும் வசனம். நானே டைப் செய்து, நானே வெட்டிய வரி. திரும்பின பக்கமெல்லாம் அது என்னையே பார்த்தது.

ஒரு வாடை அடித்தது. எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று நினைத்தேன்.

"வா. வருவன்னு தெரியும்."

மூலையில் பிளாஸ்டிக் சேரில் அக்கா. பாதி உடம்பாக இளைத்திருந்தார். முகத்தில் மட்டும் அசையாத ஒரு சிரிப்பு. வலது காலில் பழைய புடவைத் துணி சுற்றியிருந்தது. கிளிஞ்சல் குத்தியதாம். வாடை அங்கிருந்துதான் வந்தது.

"ஊசி போட்டுக்குறீங்களாக்கா?"

"இந்த நோவு சாவுல முடியாது" என்றார், சுவரைப் பார்த்து.

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இன்சுலின் டப்பா பிரிக்காமலே இருந்தது. அதன் மேலும் என் அட்டை. ஐயோ, ஆண்டவரே!

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், எழுந்திருங்க."

"போனா நான் அவர நம்பலைன்னு ஆயிடும்டி. எனக்குன்னு குடுத்த வார்த்த இது."

கெஞ்சினேன், அதட்டினேன், அழுதேன். அந்தச் சிரிப்பு மாறவில்லை. இப்படியே விட்டால் செத்துப்போவார் என்று தெரிந்தது. வேறு வழி தெரியாமல் அவருடைய வேதப் புத்தகத்தை எடுத்து, அந்த வசனம் வரும் அதிகாரத்தை முதலிலிருந்து சத்தமாகப் படித்தேன். நண்பர் ஒருவர் நோயாய்க் கிடந்தபோது இயேசு சொன்னது அது. அந்த வரி வந்ததும் அக்காவும் சேர்ந்து சொன்னார். நான் நிறுத்தாமல் மேலே படித்தேன். அந்த நண்பர் இறந்துபோகிறார். குகையில் அடக்கம் செய்கிறார்கள். கல்லை எடுங்கள் என்கிறார் இயேசு. நாலு நாளாச்சே, நாறுமே என்கிறாள் இறந்தவரின் சகோதரி. அங்கே என் குரல் நின்றுவிட்டது. அறை முழுக்க அந்த வாடை.

அக்காவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. குனிந்து, யாருடையதையோ பார்ப்பதுபோல் தன் காலைப் பார்த்தார்.

"இது அந்த அதிகாரமா? அவரு செத்துல்ல போனாரு?"

"ஆமாக்கா. அப்புறந்தான் இயேசு உசுரோட எழுப்புனாரு. நோவு வந்ததுமே அவரோட அக்கா தங்கச்சிங்க ஆளனுப்பி உதவி கேட்டாங்க, சும்மா உக்காந்திருக்கல. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமப் பண்ணது நான்தான். வசனத்த வெட்டிட்டேன், அதிகாரத்தையும் எடுத்துட்டேன்."

சேரின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். பிறகு, "ஆட்டோவக் கூப்புடு" என்றார்.

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். உயிர் தப்பினார். மறுநாள் காலையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த வசனத்துல எத்தன கார்டு போட்ட?"

"அஞ்சுக்கா."

"மீதி நாலு யாருகிட்ட இருக்கு? போயி தேடுடி."

 வீடு வீடாக ஏறி இறங்கினேன். மூன்று கிடைத்தன. ஒன்று, பிரிக்காத மாத்திரைப் பட்டைகளோடு ஒரு டப்பாவுக்குள் இருந்தது. அந்த வீட்டுப் பெரியவரிடமும் உட்கார்ந்து முழு அதிகாரத்தையும் படித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இப்போது முழு வசனமும் அதிகாரமும் போடுகிறேன். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது என்று திட்டுகிறார்கள். திட்டட்டும். ஆனால் நாலாவது அட்டை இன்றுவரை கிடைக்கவில்லை. அன்று ஆராதனைக்கு வெளியூர்க்காரர்களும் நிறைய வந்திருந்தார்கள். அவர்களில் யாரோ ஒருவர், நான் வெட்டிக்கொடுத்ததை முழு வார்த்தை என்று நம்பி, எந்த வீட்டில் எந்த நோயோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ என்ற பயம் இல்லாமல் என்னால் வேதத்தைத் திறக்க முடிவதில்லை.