வெந்நீர் வைக்கத் தெரியாத பெண்

“…அதுக்குத் தமிழ்தான் தெரியும், நம்மளத் தெரியாதுப்பா. இப்ப பாருங்க, என்னைய நோயாளின்னு நெனைச்சிட்டாங்க.”

என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். ‘அது’ என்றது என் கையில் இருந்த போனை. எதிரே நாற்காலிகளில் அவளைக் கட்டப்போகும் பையனும் அவனுடைய அப்பா அம்மாவும். போபாலிலிருந்து ரயிலில் வந்து ஜங்ஷனில் இறங்கி, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குள் அப்போதுதான் கால் வைத்திருந்தார்கள். அதற்குள் நான் கல்யாணத்தை முக்கால்வாசி கலைத்திருந்தேன்.

இத்தனைக்கும் நான் பேசிப் பிழைக்கிறவன். மார்க்கெட்டில் பாத்திரக்கடை. பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் விட்டுவிட்டது. மீதியைக் கடைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்து படித்துக்கொண்டேன். யாராவது நல்ல சொலவடை ஒன்றைச் சொன்னால் விலையில் கொஞ்சம் குறைத்தும் கொடுப்பேன். தெருவில் யார் வீட்டில் சம்பந்தம் பேசினாலும் “அண்ணாச்சியக் கூப்பிடு” என்பார்கள். என் மகள் பெங்களூரில் தன்கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னபோதுதான் சிக்கல் வந்தது. பையனைப் பெற்றவர்களுக்கு இந்தி மட்டும்தான் தெரியும்.

“நானோ அவரோ நடுவுல நின்னு சொன்னா, கூட்டிக் கொறச்சுச் சொல்லுதோம்னு ரெண்டு பக்கமும் தோணும். நீங்களே பேசுங்கப்பா. அவங்களுக்கு உங்களப் பிடிச்சாத்தான் இது நடக்கும்” என்றாள் மகள். மொழி சொல்லித்தரும் செயலி ஒன்றை என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு பெங்களூருக்குத் திரும்பிவிட்டாள்.

படித்தேன். சரியாகச் சொன்னால் மணி அடிக்கும், நட்சத்திரம் கொட்டும். தினமும் தவறாமல் வந்தால் ஒரு தீச்சுடர் எரிந்துகொண்டிருக்கும். அது அணைந்துவிடக் கூடாதே என்று, துஷ்டி கேட்கப் போன வீட்டில்கூடப் பந்தலுக்கு வெளியே நின்று ‘லட்கி சேப் காத்தீ ஹை’ என்று முணுமுணுத்திருக்கிறேன். பெண் ஆப்பிள் தின்கிறாள் என்று அர்த்தம். செத்தவர் வீட்டார் நான் ஏதோ மந்திரம் சொல்வதாக நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கடையில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவர் இதையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். “அண்ணாச்சி, அந்தப் பிள்ள இன்னுமா ஆப்பிளத் திங்குது? வெரசா முடிக்கச் சொல்லுங்க, சம்பந்தக்காரங்க வந்துரப் போறாங்க.”

எதிர் டீக்கடைக்காரர் வேறு: “பாஷை படிக்கது நீச்சல் மாதிரிவே. கரையில கிடந்து கையடிச்சா மணல்தான் பறக்கும்.”

அந்தச் சொலவடைக்கு ஒரு தம்ளரையே சும்மா கொடுத்தேன். அதில் இருந்த புத்திமதியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

வந்தவர்களிடம் ‘ஆப் கைசே ஹை’ என்று நலம் கேட்டேன். பையனின் அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்றவர். முகம் மலர்ந்து, என் இந்தியை நம்பி, நெடுநேரம் பதில் சொன்னார். அதில் ஒரு ஆப்பிள்கூட இல்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுக்களை வாசலில் நின்ற என் வீட்டுக்காரி, “ஊருக்கெல்லாம் பேசுத வாயி, இங்கன வந்து ஒட்டிக்கிட்டு” என்றாள். அதைப் பொறுக்க முடியுமா? போனில் மொழிபெயர்ப்பைத் திறந்தேன். நாம் தமிழில் சொன்னால் அது இந்தியில் சொல்லும். தமிழ் கையில் கிடைத்ததும் வாய் அதன் வழக்கத்துக்குப் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுக்கிறவன் பெண்ணைப் புகழமாட்டான். புகழ்ந்தால் யாவாரம் பேசுகிற மாதிரி இருக்கும். வீட்டையும் பிள்ளையையும் தாழ்த்திச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் “அப்படிச் சொல்லாதீங்க, பிள்ள மகாலட்சுமில்லா” என்று தூக்கிவிட வேண்டும். தாழ்த்துவதில் நான் பேர்போனவன்.

“வீடு குருவிக்கூடு. ஏதோ கஞ்சித்தண்ணி இருக்கு, குடிச்சிட்டுப் போங்க. எம் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு வெந்நி வைக்கக்கூடத் தெரியாது. நீங்கதான் பாத்துக்கிடணும்” என்று கும்பிட்டுச் சிரித்தபடி சொன்னேன்.

கும்பிடும் சிரிப்பும் போனுக்குள் போகவில்லை. ரயில் நிலையத்து அறிவிப்புக் குரலில், ஒன்றையும் விடாமல், அது இந்தியில் சொல்லி முடித்தது. பையனின் அப்பா தான் ஏறவேண்டிய ரயில் ரத்து என்று கேட்டவர்போல இருந்தார். பையன் வாயைத் திறந்தான். என் மகளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். நடுவில் பேசுவதில்லை என்பது அவர்கள் இருவரின் ஒப்பந்தம். அவனுடைய அம்மா என் போன் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். போன் அதைச் செய்தி வாசிக்கிற தமிழில் என்னிடம் கேட்டது.

“உங்கள் மகளின் உடல்நிலையில் ஏதேனும் குறைபாடு உள்ளதா? தயவுசெய்து மறைக்காமல் கூறவும்.”

தூக்கிவிடக் கை வரும் என்று குனிந்தவன் அப்படியே நின்றேன். பிறகு, விளக்கம் சொல்ல ஒரு நல்ல சொலவடையைத் தேடிப் பிடித்து, போனை மறுபடியும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அப்போதுதான் மகள் அதற்கு நம்மைத் தெரியாது என்று சொன்னாள்.

சொல்லிவிட்டு போனை என் கையிலிருந்து வாங்கி, அணைத்து, டி.வி.க்குப் பின்னால் வைத்தாள். அடுக்களைக்குப் போனாள். அவள் அம்மாவைப் பைய விலகச் சொல்வதும் அடுப்பைப் பற்றவைப்பதும் கேட்டது. எனக்குத் தெரிந்த இந்தியில் அந்த நேரத்துக்குப் பொருத்தமாக ஒரு வாக்கியமும் இல்லை.

ஆவி பறக்க ஒரு தம்ளரைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து பையனின் அம்மா கையில் கொடுத்தாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். காபி இல்லை, டீ இல்லை, வெறும் வெந்நீர். என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்து, ஊதி ஊதி ஒரு வாய் குடித்து, பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

உட்காரப் போன மகள், ஏதோ நினைவு வந்தவள்போல அடுக்களைக்குத் திரும்பினாள். “உங்க பிள்ளைக்குத் தெரிஞ்சது இதுதாம்ப்பா” என்று இன்னொரு தம்ளர் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பச்சைத் தண்ணீர்.