ஊசி ஓடிய கைப்பிரதிகள்

என் வீட்டுக்காரருக்குத் தரிசனம் கிடைத்த அன்று நான் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் அப்போது ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். வேலை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் சபை ஆரம்பிக்கச் சொல்லிக் கர்த்தர் தன்னோடு பேசினார் என்றார்.

“என்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல உங்க கர்த்தரு?” என்றேன்.

சிரித்தார். அவர் வாதாடினால் மடக்கிவிடலாம், சிரித்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டார். நானும் விசுவாசிதான். ஆனால் என்னுடையது அரிசி இருக்கிற வீட்டு விசுவாசம். டின்னில் அரிசி அடியைத் தொட்டால் அதுவும் அடியைத் தொடும்.

திருப்பதியில் ஒரு பெரிய சபைக்காரர்கள், புதிதாக ஊழியத்துக்கு இறங்குகிறவர்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். எடுத்த எடுப்பில் பிரசங்கம் பண்ணக் கூடாது, அந்த ஊருக்கு என்ன குறை என்று முதலில் கேட்க வேண்டும், அதைத் தீர்த்தால் சனங்கள் தாங்களாகவே வருவார்கள் என்று அங்கே சொல்லித் தந்தார்கள். இவருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அந்த ஊரில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கிக் கேட்டார்.

கேட்டால் சொல்லவா மாட்டார்கள்? ஆம்பிளைகள் பாதிப் பேர் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். சென்னை ரோட்டை ஒட்டி வேர்க்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லைகளை எல்லாம் யார் யாரோ வாங்கி, வெள்ளைக் கல் நட்டு, பிளாட் போட்டிருந்தார்கள். மல்லாட்டை பிடுங்கிக் கூலி வாங்கின பெண்களுக்கு இப்போது பிடுங்க ஒன்றுமில்லை.

“சாமி எங்ககிட்டயே நெறைய கீதுங்க ஐயா. பொம்பளைங்களுக்கு ஒரு வேலை காட்டுங்க” என்றாளாம் ஒருத்தி. அதை இவர் வேத வசனம் மாதிரி என்னிடம் வந்து ஒப்பித்தார்.

இது என் தலையில்தான் விடியும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்பு சித்தூரில் டெய்லரிங் கற்று, தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள் நான். ஊர்க் கோடியில் மல்லாட்டை மூட்டை அடுக்குகிற ஷெட் ஒன்று காலியாகக் கிடந்தது. அதை வாடகைக்குப் பிடித்து, ஒரு மூலையைத் தட்டியால் மறைத்துக் குடியேறினோம். என்ன கழுவியும் மல்லாட்டை வாசனை போகவில்லை, எலியும் போகவில்லை. சென்னையில் ஒரு கிறிஸ்தவ உதவி அமைப்பு பழைய தையல் மிஷின்கள் கொஞ்சம் லாரியில் போட்டு அனுப்பியது. இப்போதைக்குத் தையல் வகுப்பு, சனம் சேர்ந்த பிறகு அதே ஷெட்டில் ஆராதனை என்று திட்டம்.

மிஷின்களோடு, வசனம் அச்சடித்து இலவசமாகக் கொடுக்கிற கைப்பிரதித் தாள்களும் வந்தன, மூட்டை மூட்டையாக. தமிழில்தான் வேண்டும் என்று இவர்தான் கேட்டு வாங்கியிருந்தார். வீட்டுக்கு வீடு தமிழ்தானே பேசுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். பேசுகிறார்கள், யார் இல்லை என்றது? ஆனால் ஊர் இருப்பது ஆந்திராவில், பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் படித்தது தெலுங்கு. பஸ் போர்டு தெலுங்கு, ரேஷன் கார்டு தெலுங்கு. எங்கள் இருவருக்கும் தமிழ் எழுத்து தெரியும் என்றால், அது சின்ன வயதில் வீட்டில் பைபிளை வைத்துக் கற்றது. அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

கைப்பிரதியின் தலைப்பில் ‘நீ எங்கே போகிறாய்?’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு மனிதன் திகைத்து நிற்கிற படம்.

“நம்ம கூட்ரோடு மாதிரியே கீதுக்கா” என்றாள் ஷெட்டுக்குப் பின்வீட்டில் இருந்தவள். “இப்பிடிப் போனா திருப்பதி, அப்பிடிப் போனா மெட்ராஸு.”

இந்தப் பின்வீட்டுக்காரிதான் வகுப்புக்கு முதலில் வந்தவள். அவள் புருஷன் பெங்களூர் போனவன், முதலில் பணம் அனுப்புவதை நிறுத்தினான், பிறகு வருவதையும் நிறுத்திவிட்டான். 

மிஷின் பழகுகிறவளுக்கு முதல் நாளே துணியைக் கொடுத்தால் துணிதான் பாழ். நூல் கோக்காமல் காகிதத்தில் ஓட்டிப் பழக வேண்டும். ஊசி நேராகப் போயிருக்கிறதா என்று ஓட்டை வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கோடு போட்ட நோட்டுக்கு எங்கே போவது? கைப்பிரதி மூட்டை ஒன்றைப் பிரித்தேன். இரண்டு அச்சு வரிகளுக்கு நடுவில் இருக்கிற வெள்ளைச் சந்துதான் கோடு, எழுத்தின் மேல் ஊசி ஏறக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். படிக்கத் தெரியாத எழுத்து என்பதால் அவர்கள் கண் சந்தை விட்டு நகரவில்லை. சீக்கிரமே கோணாமல் ஓட்டினார்கள்.

இவருக்குச் சுருக்கென்றது. “வசனம் கீது அதுல” என்றார்.

“எலி துன்னுறதுக்கு இது தேவல” என்றேன்.

வகுப்பு தொடங்கும்போது ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம். யாரையும் பொட்டை அழி, பூவை எடு என்று நாங்கள் சொன்னதே கிடையாது. பின்வீட்டுக்காரிக்கு நல்ல குரல். அவள் பாட்டை எடுத்தால் மிஷின் சத்தம் தானாக நின்றுவிடும். ஜெபம் செய்யச் சொன்னால் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் நியாயம் கேட்பது போலக் கேட்பாள். “அவன எப்பத்தான் அனுப்பப் போற? சொல்லிடு, நான் பாட்டுக்கு என் வேலையப் பாக்கறேன்.” என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்வார். சபைக்கு முதல் தூண் கிடைத்துவிட்டது என்று என்னிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார். அந்த நாட்களில் அவர் நன்றாகத் தூங்கினார், நன்றாகச் சாப்பிட்டார்.

அந்த வருஷம் சென்னை ரோட்டில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற கம்பெனி ஒன்று வந்தது. பின்வீட்டுக்காரி அதன் கேட்டில் போய் நின்றாள். மிஷின் தெரியுமா என்று கேட்டதற்கு, பையில் மடித்து வைத்திருந்த கைப்பிரதியை எடுத்து நீட்டியிருக்கிறாள். சூப்பர்வைசர் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஓட்டை வரிசையைப் பார்த்தாராம். “பாகுந்தி, ரேப்பு ரா” என்று, நன்றாக இருக்கிறது நாளைக்கே வா என்று தெலுங்கில் சொல்லிவிட்டாராம். அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான். சொல்லிக் கொடுத்த வேலை ஒருத்திக்குச் சோறு போடுகிறது என்றால் யாருக்குத்தான் இருக்காது?

அதற்குப் பிறகு கோணாமல் ஓட்டக் கற்றவள் ஒவ்வொருத்தியும் கையில் கைப்பிரதியோடு கம்பெனிக்குக் கிளம்பினாள். எல்லோருக்கும் தெரிந்த இடம் என்பதால் கம்பெனி வேன் எங்கள் ஷெட் வாசலிலேயே வந்து நின்றது. வகுப்பு மெலிந்துகொண்டே போனது. கால் வீங்கிப்போய் இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புகிறவளை ஜெபத்துக்கு வா என்று கூப்பிட எனக்கே வாய் வரவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பாஸ்டரய்யா தருகிற சீட்டு இருந்தால் கம்பெனியில் வேலை என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஓட்டைச் சங்கதி பாதி வழியில் கழன்று விழுந்து, சீட்டு மட்டும் பக்கத்து ஊர்கள் வரை போய்ச் சேர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து நின்றார்கள்.

“ஐயா, அந்த சீட்டு ஒண்ணு குடுங்க. எம்மருமவளுக்கும் சேத்து ரெண்டா குடுங்க.”

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். வாங்குகிறவர்கள் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். இவரும் விடவில்லை. சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் ஊர் ஊராகக் கொடுத்துவிட்டு வந்தார். மூட்டை தீரப்போகிறது என்று சென்னைக்குப் போன் போட்டு இன்னும் அனுப்பச் சொன்னார்.

“அவங்க வசனத்துக்கு வரல. வேலைக்கு வராங்க” என்று நேராகவே சொன்னேன்.

“எதுக்கு வாங்கினா இன்னா, வூட்டுக்குள்ள போவுதில்ல? நல்லது நடந்தா உனக்கு எப்பவும் சந்தேகந்தான்.”

அந்த ஜோரிலேயே, ஷெட்டைச் சபையாகத் தொடங்கிவைக்கிற பிரதிஷ்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டார். திருப்பதி சபைப் பெரியவர்களையும் அழைத்துவிட்டார். வந்து பார்ப்போம், சனங்கள் இருந்தால் உங்கள் சபையை எங்களோடு சேர்த்துக்கொண்டு மாதாமாதம் உதவுகிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். சனங்கள் இல்லாவிட்டால் ஷெட் வாடகைக்கே எங்களுக்கு வழியில்லை. எல்லாம் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது.

அதற்கு முந்தைய வாரம், பக்கத்து ஊரிலிருந்து ஒரு கூட்டம் வெயிலில் நடந்து வந்து ஷெட் வாசலில் நின்றது. முன்னால் நின்ற அம்மாள் கைப்பிரதியை இவர் மூஞ்சிக்கு நேராக நீட்டினாள்.

“இன்னா ஐயா இது, ஏமாத்துற வேலை? கேட்டுல எங்களப் பாத்து சிரிக்கிறானுங்க. இதுல ஓட்டையே இல்லையாம்.”

இவர் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அதில் எழுதியிருந்ததை அவர்களுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தார்.

“படிப்பு கெடக்கட்டும்யா. ஓட்டை போட்டுக் குடுங்க” என்றாள் அந்த அம்மாள்.

இவர் கைப்பிரதியை என் கையில் கொடுத்துவிட்டுத் தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, மிஷின் பழகினால்தான் வேலை என்று விளக்கி அனுப்பினேன். நான் சொன்னதுதான் நடந்தது. அதில் எனக்கு ஒரு பொட்டு சந்தோஷம்கூட இல்லை. இவரோ சாயங்காலம் எழுந்து வந்து, “நம்ம பொம்பளைங்க வருவாங்க, ஞாயித்துக்கெழமதானே” என்றார். பின்வீட்டுக்காரியும் கட்டாயம் வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கலர் பேப்பர் ஒட்டி, வாடகை நாற்காலி போட்டு, அண்டாவில் குஸ்கா தயாராக இருந்தது. பெரியவர்கள் ஜீப்பில் வந்து இறங்கி உள்ளே உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாசலில் வளையல் சத்தம். எட்டிப் பார்த்தால் அத்தனை பெண்களும், தலை நிறையப் பூவோடு, கூட்டமாக நின்றிருந்தார்கள். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரியவர்களைப் பார்த்து “வந்துட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே, இரண்டு கையையும் விரித்தபடி வெளியே போனார்.

அவர் வாசற்படி தாண்டுவதற்குள் கம்பெனி வேன் வந்து நின்றது.

“கப்பலுக்கு சரக்கு ஏத்தணுமாம் ஐயா. இன்னிக்கு லீவு இல்லன்னுட்டாங்க. வராதவங்க இனிமே வரவே வேணாமாம்” என்றாள் பின்வீட்டுக்காரி. என் முகத்தை அவள் பார்க்கவில்லை. “பொழுது சாய வந்துடுவோம். கூட்டத்த அதுவரைக்கும் நிறுத்தி வெக்கிறீங்களா?”

ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். விரித்த கையை இவர் எப்போது கீழே போட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. வேன் போன பிறகு உள்ளே வந்து, பெரியவர்களுக்கும் இரண்டு கிழவர்களுக்கும் குஸ்காவுக்கு வந்த பிள்ளைகளுக்குமாக முழு ஆராதனையையும் நடத்தினார், ஒரு பாட்டைக்கூடக் குறைக்காமல். புறப்படும்போது பெரியவர்களில் ஒருவர் அவர் தோளைத் தட்டி, “சனம் சேரட்டும் தம்பி, அப்புறம் பேசலாம்” என்றார். சொன்னபடி பொழுது சாயப் பெண்கள் வந்தார்கள். ஆறின குஸ்காவைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். இவர் ஜெபத்தை முடித்துக் கண்ணைத் திறந்தபோது பாதிப் பேர் சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்கள். எழுப்ப வேண்டாம் என்று எனக்குக் கை காட்டினார்.

வாடகைக்கு என்ன செய்வது? ரேணிகுண்டாவுக்குப் போய்ப் பழைய வேலையைக் கேட்டார். வடக்கேயிருந்து வந்த ஒரு ஆள் அதைவிடக் குறைந்த கூலிக்கு அங்கே வேலை செய்துகொண்டிருந்தான். அவர் திரும்பி வந்த அன்று சாயங்காலம் மிச்சமிருந்த கைப்பிரதிகளில் ஒன்றை எடுத்து மிஷினில் வைத்து, நூல் இல்லாமல் ஓட்டினேன். எனக்கு வாசிக்கத் தெரியும், அதனால் கண் எழுத்துக்குப் போய், கோணிவிட்டது. இன்னொன்று எடுத்தேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் வேனில் ஏறினதும், “பாஸ்டரம்மா, இப்பிடி வா, ஜன்னலாண்ட ஒக்காரு” என்று பின்வீட்டுக்காரி இடம் விட்டாள். வண்டி கிளம்பும்போது அவள் பாட்டை எடுத்தாள், வகுப்பு தொடங்கும்போது பாடுகிற அதே பாட்டு. எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஷெட்டுக்குள் இவர் கேட்க ஆசைப்பட்ட சத்தம் அதுதான்.

அவர் ஷெட் வாசலில் நின்றிருந்தார். வலது கையை மெல்ல உயர்த்தினார், உள்ளங்கை எங்களைப் பார்த்தபடி. ஆராதனை முடிகிறபோது சனங்களுக்கு ஆசீர்வாதம் கூறப் போதகர்கள் அப்படித்தான் கையை உயர்த்துவார்கள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

“ஐயா டாட்டா காட்டுறாரு பாருங்கடி” என்றாள் ஒருத்தி.

பாட்டை விட்டுவிட்டு எல்லோரும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினார்கள். நீயும் காட்டு பாஸ்டரம்மா என்றார்கள். நானும் காட்டினேன்.