ஜீப்பில் குடியிருந்த பேய்

மூன்று வாரத்துக்கு முன் ஒரு நோயாளி என் ஜீப்பில் பேய் இருக்கிறது என்றாள். நான் சிரித்தேன். சிரித்தது தப்பு.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் ஜீப்பைத் தெரியும். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் வேண்டாமென்று கழித்ததை ஏலத்தில் எடுத்தேன். டிஸ்பென்ஸரி மயிலாப்பூரில். ஆனால் பிரசவக் கேஸ்கள் அடையாறு தாண்டி ஊரூர் குப்பம் வரை உண்டு. அந்த மணலில் வேறெந்தக் கார் போகும்? வலி கண்டவளைப் பின்னால் படுக்க வைத்து, கான்வாஸ் திரையை இறுக்கிக் கட்டி, ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவேன். திரை எதற்கா? பிள்ளை பெறப் போகிறவளை ஊரே வேடிக்கை பார்க்க வேண்டுமா என்ன!

பேய் என்று சொன்ன அஞ்சலை அந்தக் குப்பத்துக்காரிதான். முதல் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டன. இது மூன்றாவது. நாளும் நெருங்கிவிட்டது. இந்தத் தடவை ஆஸ்பத்திரியில்தான் என்று நான் கறாராகச் சொல்லியிருந்தேன்.

“ஆஸ்பத்திரிக்கு வர்றேன் டாக்டரம்மா. ஒன் வண்டில மட்டும் ஏற மாட்டேன். போன மாசம் ஆஸ்பத்திரில காட்டிக்க ஏறுனனே... தல சுத்தி, வாந்தியெடுத்து, கண்ணே இருட்டிக்கினு போச்சு. உள்ள இன்னாமோ கீது.”

“இன்னாமோ இன்னாடி? செத்துப்போன சோல்ஜரு பேயிதான் குந்திக்கினு கீது!” என்றாள் மாமியார்.

பேயை ஓட்ட ஜீப்புக்கு வேப்பிலை கட்டலாம் என்று கேலி செய்தேன். மாட்டு வண்டியில் போனால் அடையாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்று மிரட்டியும் பார்த்தேன். அவள் மசியவில்லை.

திரும்பும் வழியில்தான் உறுத்தியது. போன மாதம் மாம்பலத்துப் பெண் ஒருத்தியும் வண்டியில் மண்டையைப் பிளக்கிறது என்றாளே? அதற்கு முன் மந்தைவெளிக்காரி? எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன் — “நெர்வஸ்!”

மறுநாள் ராயப்பேட்டை, மஸ்தான் பாயின் பட்டறை. எனக்கு நோயாளிகள் மாதிரி அவருக்கு என் ஜீப். பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டார். இன்ஜின் கக்கும் புகையை வாங்கிச் சைலன்ஸர் குழாய்க்குள் தள்ளும் வார்ப்பிரும்பு ஒன்று உண்டு, மேனிஃபோல்ட் என்பார்கள். அதில் விரல் நீளத்துக்கு விரிசல்.

“பேயி இதாம்மா. பொகை கீழ போயி, தரைல கீற ஓட்டை வழியா பின்னாடி ஏறுது. நீங்க வேற திரைய இஸ்த்துக் கட்டிடுறீங்க. முன்னால உங்களுக்குக் காத்து, பின்னால அந்தம்மாக்குப் பொகை.”

மானத்தைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடுவது போலக் கர்ப்பிணிகளுக்குப் போட்டிருக்கிறேன்! அது விஷப்புகை என்று படித்துப் பாஸ் பண்ணியவள் நான். வெட்கமாக இருந்தது. யாருக்கும் விபரீதமாக ஒன்றும் ஆகவில்லை. அது அவர்கள் அதிர்ஷ்டம், என் சாமர்த்தியமில்லை.

“ஒட்டிவிட முடியாதா பாய்?”

“வார்ப்பும்மா. இன்னிக்கி ஒட்டுனா நாளான்னிக்கி வுட்டுக்கும். வேறதான் போடணும்.”

புதுசு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வர வேண்டும். அஞ்சலையின் பிள்ளை கப்பலுக்காகக் காத்திருக்குமா? பாய் உள்ளே போய், உடைந்த ஜீப்புகளில் கழற்றிய இரண்டைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். ஒன்று வெள்ளி பெயின்ட் அடித்துப் பளபளவென்று. இன்னொன்று துருவேறி, தொடவே மனசு வராமல்.

நான் வெள்ளியைக் காட்டினேன்.

“ஏம்மா, பவுடர் பூசிக்கினு வந்தா நாடி பாக்காமயே அனுப்பிடுவீங்களா?”

இரண்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். பெயின்ட் போயிற்று, துருவும் போயிற்று. கிரசினில் ஊறவைத்துத் துடைத்தார். மேலே சுண்ணாம்புப் பொடி தூவினார். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த கிரசின் கசிந்து பொடியை நனைக்குமாம். ஒரு டீ குடிக்கிற நேரம்... வெள்ளிக்காரியின் மேல் தலைமயிர் போல ஒரு ஈரக்கோடு! துருப்பிடித்தவள் மாசுமருவில்லாமல் இருந்தாள். அவளையே மாட்டினோம். தரை ஓட்டைக்கும் தகரம் அடித்தார்.

வெள்ளிக்கிழமை பாயையும் கூட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். “நீ சொன்னது சரி அஞ்சலை. பேயில்லை, புகை. நான்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை. என் தப்பு,” என்றேன். இருபது வருஷத் தொழிலில் இந்த வாக்கியத்தை நான் அதிகம் சொன்னதில்லை.

“பொகையோ பேயோ... நீ பின்னால குந்திக்கினு ஒரு வாட்டி போய்ட்டு வா. பாக்கலாம்.”

அப்போதுதான் உறைத்தது — இத்தனை நாளில் என் வண்டியின் பின்பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை! மாமியார் தன் கையாலேயே திரையை முடிச்சு மேல் முடிச்சாகக் கட்டினாள். பாய் ஓட்டினார். பாலம் வரை போய்த் திரும்பினோம். புழுக்கம், கான்வாஸ் வாடை, எலும்பு கழன்றுவிடும் குலுக்கல் எல்லாம் இருந்தன. புகை மட்டும் இல்லை.

இறங்கியதும் அஞ்சலை என் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். “நாக்க நீட்டு,” என்றாள். நீட்டினேன். குப்பமே கூடிச் சிரித்தது.

“செரி. நோவு கண்டா சொல்லியனுப்புறேன்.”

அடுத்த வாரம் ஆள் வந்தது. அஞ்சலை மறுபேச்சில்லாமல் ஏறினாள். பாலத்தருகே பின்னாலிருந்து ஒரு முனகல். வேகத்தைக் குறைத்தேன்.

“அஞ்சலை, தலை சுத்துதா?”

சாந்தோமில் மறுபடி முனகல்.

“தலை சுத்துதாம்மா? சொல்லேன்!”

“ஐயோ, தல நல்லாத்தான் கீது! இடுப்புதான் நோவுது. பேசாம வண்டிய வுடு!”

வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். பெண் குழந்தை. இன்றோடு எட்டு நாள்.