கறுப்புக் கடலுக்கு வைத்த பெயர்

சுனாமிக்குப் பிறகு குருக்கள்மடத்தில் நாங்கள் தங்கியிருந்த முகாமுக்கு, ஆறுதல் தர என்று கொழும்பிலிருந்து ஓர் ஓவிய ஆசிரியர் வந்தார். தாளும் சாயமும் தந்து வரையச் சொன்னார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு. ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மேல்நாட்டுப் பெயர் வைப்பார். கலங்கித் தெரிந்த வாவி இம்ப்ரெஷனிசமாம், அது கணப்பொழுது வெளிச்சமாம். கோணல்மாணலான கூடாரங்கள் கியூபிசமாம்.

நான் கீறிய கடல் கறுப்பு.

"இது எக்ஸ்பிரஷனிசம்" என்றார். "உங்கட மனசில உள்ள கறுப்பு கடலில இறங்கியிருக்கு."

"இல்ல சேர். கடல் கறுப்பாத்தான் வந்தது. வானம் நீலமாக் கிடந்தது, அத நீலமாத்தானே கீறியிருக்கன்."

"அழுங்க தங்கச்சி, அழுதா ஆறும்" என்று தோளைத் தட்டினார்.

எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கையை விலக்கிவிட்டேன். அவரோ படத்தின் கீழே எக்ஸ்பிரஷனிசம் என்றே எழுதி, பலகையில் ஒட்டிவிட்டுப் போனார்.

கண்டதைக் கண்டபடி கீறுவதற்கும் மேல்நாட்டில் ரியலிசம் என்றொரு பெயர் உண்டென்று பின்னாளில் அறிந்தேன். அன்று முழுக்க அந்தச் சொல் அவர் வாயில் வரவேயில்லை. அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.