காலியாகத் திரும்பிய கேரியர்

எங்கள் குடும்பத்தின் பிறப்பு, திருமணம், இறப்பு, வீடு மாற்றம் ஆகியவற்றைக் குறித்து வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தேதிகளோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொருவரைப் பற்றியும் நேரில் பார்த்திராத பேரப்பிள்ளைகள்கூட அவரை அடையாளம் கண்டுகொள்ளும்படி சில பக்கங்கள் எழுதுவது என் வழக்கம். பெரியக்காவைப் பற்றிய பக்கங்களை முன்பே எழுதி முடித்திருந்தேன். அவற்றில் ஒரு செய்தி தவறு என்று பின்னர் தெரியவந்தது. அதனால் மீண்டும் எழுதுகிறேன். நான் நேரில் காணாத இடங்களில், அக்கா சொன்னதும் அத்தானின் பக்கத்துக் கடைச் சலூன்காரர் சொன்னதும் ஒத்துப்போவதை மட்டுமே சேர்த்திருக்கிறேன். அத்தானிடமும் கேட்டேன். அவர் எதையும் மறுக்கவில்லை.

அம்மா போனபோது பெரியக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அடுப்பு அவள் கைக்கு வந்தது. அப்பா தலை நிமிராமல் சாப்பிடுகிறவர். கரண்டியைப் பிடித்தபடி அருகில் நின்று, "எப்படிப்பா இருக்கு?" என்று அவள் கேட்பாள். "ம்" என்பார். அந்த 'ம்'முக்குள் தேடினாலும் எதுவும் கிடைக்காது. ஆகவே அவள் தட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். தட்டு துடைத்தாற்போலிருந்தால் சமையல் தேறிவிட்டது. ஓரத்தில் ஏதாவது ஒதுங்கியிருந்தால் எங்கோ கை பிசகிவிட்டது. கேட்பதை மட்டும் அவள் விடவில்லை. எங்களையும் கேட்பாள். வாய் நிறையச் சோற்றோடு நாங்கள் தலையாட்டுவோம்.

தொழிலிலும் இதே பழக்கந்தான். அவள் திரைச்சீலை தைப்பவள். ஜன்னலை அளந்து, துணி வெட்டி, மேல்மடிப்புத் தைத்து, தானே ஏணியில் ஏறி மாட்டிவிட்டு வருவாள். மாட்டியதும் இறங்கி நாலடி பின்னால் தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்து, "எப்படி இருக்கு?" என்பாள். "அப்பவே கேட்டுடணும். இல்லேன்னா குறை ஊரைச் சுத்திட்டு நம்ம காதுக்கு வரும்" என்பது அவள் கொள்கை.

அத்தானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சாதுவான மனிதர். திருமணமான நாளிலிருந்து அக்கா கட்டிக் கொடுக்கும் மூன்றடுக்கு கேரியர்தான் அவருடைய மதியச் சாப்பாடு. மாலையில் அதை அவரே கழுவிக் கொண்டுவருவார். ஆனால் சோற்றடுக்கை மட்டும் கழுவ முடியாது. அதன் அடியில் எப்போதும் ஒரு வாய்ச் சோறு மிச்சமிருக்கும்.

"அந்த ஒரு வாயில மட்டும் நான் என்ன விஷமா கலந்து வச்சிருக்கேன்?"

"வயிறு நிறைஞ்சுடுச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"ம். நல்லாத்தான் இருக்கு."

அந்த 'தான்' அக்காவைப் பல காலம் அரித்தது. "நல்லா இருக்குன்னா நல்லா இருக்கு. அதென்ன நடுவுல ஒரு தான்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறாள்.

ஒருநாள் ஒரு வீட்டின் கூடத்தில் திரை மாட்டும்போது ஏணி வழுக்கி அக்கா விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்து, முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் ஓடிவந்து சில நாள் இருந்துவிட்டுக் கிளம்பும்போது, செல்போனில் ஒரு சாப்பாட்டு நிறுவனத்தில் பதிவு செய்தாள். சமைத்து உறையவைத்த சாப்பாடு; வாரம் ஒருமுறை வீட்டுக்கே வந்துவிடும்; சூடு பண்ணினால் போதும். "சும்மா கொஞ்ச நாள் சாப்பிட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா நிறுத்திடலாம்" என்றாள்.

முதல் பொதி வந்த அன்று நான் அங்கிருந்தேன். தெர்மாகோல் பெட்டிக்குள் பனிக்கட்டிப் பைகள், அவற்றுக்கு நடுவே கல்லாய் இறுகிய சாப்பாட்டுப் பெட்டிகள். ஒவ்வொரு மூடியின் மேலும் உள்ளே இருப்பதன் படம். அதுவரை வெந்நீர்கூட வைத்தறியாத அத்தான், மூடியில் இருந்த குறிப்புகளைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்து, ஓரத்தைக் கொஞ்சம் கிழித்து, மைக்ரோவேவில் வைத்தார்.

அக்கா தொட மறுத்துவிட்டாள். "படம் பார்த்துச் சோறு திங்க நான் என்ன கைக்குழந்தையா?" கட்டுப் பிரிக்கும்வரை ரொட்டியும் பாலும் பழமுமாக ஓட்டினாள். ஆனால் நாற்காலியில் இருந்தபடியே கேள்வி வந்தது.

"எப்படி இருக்கு?"

"அட்டையை நனைச்சுத் தின்ன மாதிரி இருக்கு. உன் கை சீக்கிரம் சரியாகட்டும்."

அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கட்டுப் போட்ட கை வலித்தும் சிரித்தாள். அத்தான் அந்தப் பெட்டியை ஒரு பருக்கை விடாமல் முடித்ததைக் குப்பைக்கூடையில் நான் பார்த்தேன். அட்டையை நனைத்துத் தின்றவர் அவ்வளவு சுத்தமாகத் தின்பாரா என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கட்டுப் பிரித்தார்கள். வீட்டுக்குப் பெட்டிகள் வருவது நின்றது. கேரியர் மறுபடி கிளம்பியது. முதல் நாளே அதிசயம்: மூன்று அடுக்கும் கழுவிக் கவிழ்த்தாற்போல் திரும்பி வந்தன. அந்த ஒரு வாய் இல்லை. மறுநாளும் இல்லை. அதைவிடப் பெரிய அதிசயம் பின்னால் வந்தது. அக்கா கேட்ட கேள்விக்கு அத்தான் பதில் சொல்லத் தொடங்கினார்.

"பருப்பு இன்னைக்கு நல்லா குழைஞ்சிருந்துச்சு. நேத்தைவிட இதுதான் சரி."

"மீனை இன்னும் கொஞ்சம் முறுகலா விடலாம்."

"பூசணி எல்லாம் சரி. மிளகைக் கடைசியில போட்டுட்ட. அது தொண்டையில தனியா நிக்குது."

தொண்டையில் தனியாக நிற்கிறது! அக்கா அன்றைக்கே எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவள் குரல் சிறுபிள்ளைக் குரல்போல் இருந்தது. "கை உடைஞ்சதுலயும் ஒரு நல்லது நடந்திருக்கு பாரேன். அந்தப் பெட்டியைத் தின்னப்புறம்தான் மனுஷனுக்கு நாக்குக்கே உயிர் வந்திருக்கு. நான் போடுற மிளகு எங்க நிக்குதுன்னு சொல்றார்!" மறுநாளிலிருந்து மிளகை முதலிலேயே போட்டாள். மீனை முறுகவிட்டாள். இத்தனை ஆண்டுச் சமையலில் முதன்முறையாக ஒருவர் சொல்லைக் கேட்டு அவள் கை மாறியது. நானும் மகிழ்ந்து, அதை அவள் சொன்னபடியே முந்தைய பக்கங்களின் இறுதியில் எழுதினேன். தவறு என்று நான் குறிப்பிட்ட செய்தி அதுதான்.

அத்தானின் கடைக்கு அடுத்த கடை சலூன். அதை நடத்துபவர் தனியாள். ஓட்டலில் சாப்பிட்டுக் காலம் தள்ளியவர். வெயில் இறங்கும் நேரத்தில் முகம் மழிக்க உட்காருகிறவர்களின் கண்ணில் நேரே அடிக்கிறது என்று, முன்பக்கக் கண்ணாடி ஜன்னலுக்குத் திரை போட நினைத்தார். அத்தானிடம் சொன்னபோது, "அவளுக்குக் கை இன்னும் முழுசா சரியாகலை" என்று தட்டிக்கழித்திருக்கிறார். சலூன்காரர் விடவில்லை. அக்காவின் எண்ணைத் தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கித் தானே அழைத்தார். ஆள் வராத மத்தியான வேளையில், தோளில் பையும் கையில் அளவு நாடாவுமாக அக்கா போய்ச் சேர்ந்தாள். கண்ணாடிக் கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் எங்காவது போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டாள்.

"வாங்கக்கா, வாங்க! கை எப்படி இருக்கு? உங்க கட்டுப் பிரிச்ச நாள்ல இருந்து என் சட்டைக்குப் பட்டன் போட முடியலை, பாருங்க" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார் சலூன்காரர்.

"என் கட்டுக்கும் உங்க சட்டைக்கும் என்னங்க சம்பந்தம்?" நாடாவின் ஒரு முனையைச் சட்டத்தில் அழுத்தியபடி அக்கா கேட்டாள்.

"உங்க சாப்பாடுதான்க்கா. டாக்டர், அண்ணனைப் பெட்டிச் சாப்பாடுதான் சாப்பிடணும்னுட்டாராமே. 'எனக்குச் சமைக்கிற கையோட இந்த ஒண்டிக்கட்டைக்கும் ஒரு பிடி'ன்னு நீங்க அனுப்பறதா அண்ணன் சொன்னார். பெத்தவகூட இப்படிப் பார்த்திருக்க மாட்டா. உங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும்னுதான் திரையே போடறேன்னு வச்சுக்குங்களேன்."

அக்கா நாடாவை விடவில்லை.

"நான் சொல்லி அனுப்பினதெல்லாம் வந்து சேர்ந்துச்சாக்கா? குறை சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. அந்தப் பூசணியில மிளகைக் கடைசியில போட்டுட்டீங்க, தொண்டையில தனியா நிக்குதுன்னு சொன்னேனே."

"வந்து சேர்ந்துச்சு" என்றாள் அக்கா.

சலூனின் பின்புறத்தில் ஒரு தடுப்பு. அதற்குப் பின்னால், குளிர்பானம் வைக்கும் ஃப்ரிட்ஜும் முகத்தில் போடும் துண்டுகளைச் சூடாக்கும் மைக்ரோவேவும் இருந்தன. அந்த மைக்ரோவேவ் கூவி நின்றது. தடுப்பை விலக்கிக்கொண்டு, ஓரம் கிழித்த பெட்டியை இரு விரலால் பிடித்தபடி அத்தான் வந்தார். வீட்டுக்கு வருவது நின்ற பெட்டிகள் சலூனுக்கு வரத் தொடங்கியிருந்தன. அங்கேயே உறைந்தன, அங்கேயே சூடாயின.

"நீ... எப்ப வந்த?"

"அகலம் முடிஞ்சுது. உயரம் பாக்கி" என்று அக்கா அங்கிருந்த ஏணியில் ஏறி அதையும் அளந்தாள். எண்ணைச் சொல்லிச் சலூன்காரரைக் குறித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு இறங்கிவந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டினாள். அத்தான் பெட்டியைக் கொடுத்தார். பட்டாணியும் கோழித்துண்டுமாக ஏதோ ஒன்று. முகம் துடைக்கும் துண்டுகளோடு ஒரே இடத்தில் சூடானதால் முகத்துக்குத் தடவும் லோஷன் வாசம் லேசாக அடித்தது. எதிரிலிருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே அக்கா ஒரு கரண்டி சாப்பிட்டாள்.

வேறென்ன பேசுவதென்று தெரியாத அத்தான் கேட்டார்: "எப்படி இருக்கு?"

"பக்கத்துக் கடைக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

சலூன்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. "அண்ணே, அக்காவுக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, ஏற்கெனவே சுத்தமாயிருந்த சீப்புகளை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

"சோறு யார் வயித்துக்குப் போனா என்ன, புண்ணியம்தான்" என்றாள் அக்கா. "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு தள்ளியிருக்கலாம். அடுத்தவர் வாயை எதுக்கு வாடகைக்கு எடுத்தீங்க? நான் கேட்டது உங்க நாக்கை. நீங்க கொண்டுவந்து கொடுத்தது இவர் நாக்கை."

"பிடிக்காம இல்லை." அத்தான் நின்றுகொண்டே பேசினார். "நாள் பூரா எல்லாரையும் நான் கேட்டுட்டே இருக்கேன். இந்தக் கண்ணாடியில தெளிவா தெரியுதா, அதுல தெரியுதா, இப்ப எப்படி இருக்குன்னு. ஒரு வாய் வைக்கிறப்பவே, சாயங்காலம் நீ கேப்பியேன்னு ஞாபகம் வருது. அந்தக் கடைசி வாய் இறங்கறதே இல்லை. பெட்டி எதையும் கேக்காது. திறந்தோம், தின்னோம், போட்டோம்."

"கேக்காம இருக்கிறதுதான் வேணும்னா அதைச் சொல்லியிருக்கலாமே. நிறுத்தியிருப்பேன்."

"சொன்னா நீ வருத்தப்படுவ."

"இப்ப குளுகுளுன்னு இருக்கேன், பாருங்க."

வீட்டுக்குத் திரும்பியதும் மகளை அழைத்தாள். பெட்டிகளைச் சலூன் முகவரிக்கு மாற்றிக் கொடுத்தவள் அவள்தான் என்பது அப்போது வெளிவந்தது. "அப்பாதாம்மா சொல்ல வேணாம்னார். நீ வேற கேரியர் காலியா வருதுன்னு அவ்வளவு சந்தோஷமா சொன்னியா, எனக்கு வாய் வரலை" என்றாள் மகள். அக்கா, "நான் சந்தோஷமா சொன்னப்ப நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? 'சூப்பர்மா'ன்ன" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதன்பின் கேரியர் கிளம்பவில்லை. பெட்டிகளை நிறுத்த வேண்டாம், வீட்டுக்கே வரட்டும் என்று அக்காவே சொல்லிவிட்டாள். இப்போது அத்தான் இரண்டு வேளையும் பெட்டியைத் திறந்து சாப்பிடுகிறார். அக்கா தனக்கு மட்டும் சமைத்துக்கொள்கிறாள். இருவரும் ஒரே மேசையில்தான் உட்காருகிறார்கள். சண்டை இல்லை. நான் போனபோது எனக்கும் பரிமாறினாள். கரண்டியோடு அருகில் நிற்பாள் என்று பழக்கத்தில் காத்திருந்தேன். அவள் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்திவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். "நல்லா இருக்குக்கா" என்று நானாகக் குரல் கொடுத்தேன். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

திரை மாட்டிய அன்று அவளுக்கு ஏணி பிடிக்க நானும் சலூனுக்குப் போயிருந்தேன். "இதுல யாருக்கு என்ன போச்சோ, எனக்குச் சோறு போச்சு சார்" என்று சலூன்காரர் என் காதில் முணுமுணுத்தார். அக்கா கடைசிக் கொக்கியையும் கோத்துவிட்டு இறங்கினாள். பின்னால் தள்ளி நிற்கவில்லை. நேராகக் குனிந்து, கத்தரியையும் நாடாவையும் பைக்குள் போட்டாள். வழக்கமாக வரும் கேள்விக்காக எல்லோரும் ஒரு கணம் காத்திருந்தோம். அது வரவில்லை.

"அக்கா," சலூன்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார், "இடது பக்கம் ஒரு மடிப்பு கொஞ்சம் திரும்பி நிக்குது."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். திரும்பித்தான் நின்றது. பையைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் ஏறினாள்; கொக்கியைக் கழற்றி, மடிப்பை நேராக்கி மாட்டினாள்.

கண்ணாடிக் கடையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றிருந்த அத்தான், "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அந்தப் பக்கமா நகருங்க," என்றாள் அக்கா, திரும்பாமலே. "வெளிச்சத்தை மறைக்கிறீங்க."