பதினான்கு மணி நேர வெளிச்சம்

மரியசூசை முப்பத்தோரு வருஷம் லைட்மேனாக வேலை பார்த்தவர். மும்பையில் செம்பூரிலும் அந்தேரிப் பக்கமும் உள்ள சினிமா ஸ்டூடியோக்களில், தொட்டால் தோல் உரிந்து வந்துவிடுகிற விளக்குகளை ஏற்றியும் இறக்கியும் திருப்பியும் கழிந்த வாழ்க்கை அவருடையது. அட்டையில் கட்டிய ஜன்னலுக்கு வெளியே ஐந்து கிலோவாட் விளக்கை நிறுத்தி, முன்னால் ஒரு மஞ்சள் தாளைக் கட்டிவிட்டால் காலை வெயில். அதையே தணித்துச் சாய்த்துவிட்டால் சாயங்காலம். கேமராமேன் சொல்லி வாய் மூடுவதற்குள் செய்து முடித்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஐம்பத்தாறு வயதில், ஸ்டூடியோ உச்சியில் குறுக்கே போட்டிருந்த பலகையிலிருந்து தவறி விழுந்து முதுகில் அடிபட்டது. ஆறு மாதம் படுத்திருந்து எழுந்தபோது அவரைக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை.

அதற்குள் தாராவி வீட்டையும் ரோடு அகலமாக்க இடித்துவிட்டார்கள். பதிலுக்குத் தேவ்நாரில் ஏழு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும் கிடைத்தன. இருபது கட்டடங்களை ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி நிறுத்தியிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குக்கரின் சத்தம் தன் வீட்டுச் சத்தம் போலவே கேட்கும். நடுப்பகலிலும் டியூப்லைட்டைப் போட்டால்தான் அரிசியில் கல் தெரியும். லிஃப்ட் மாதத்தில் பத்து நாள் ஓடினால் அதிகம்.

அவர் மனைவி ஏஞ்சலம்மாள் நாசரேத் பக்கத்துக்காரி. தாராவியில் ஒரு கான்வென்டில் ஆயாவாக இருந்தவள். தேவ்நாரிலிருந்து போய்வர முடியாமல் அந்த வேலையை விட்டாள். பெயின்ட் வாளிகளில் மண் நிரப்பி, பச்சைமிளகாய், தக்காளி, கறிவேப்பிலை, புதினா என்று பதினாலு வாளிச் செடி வைத்தாள். எல்லாவற்றையும் ஏழாவது மாடிக்கு மேலே மொட்டைமாடியில் வரிசையாக வைத்துவிட்டு, தினமும் காலைக் கஞ்சி ஆனதும் படியேறிப் போவாள். வெயில் உச்சிக்கு வரும்வரை அங்கேயே இருந்துவிட்டு, நெற்றி பளபளக்க இறங்கி வருவாள். அங்கே வடாம் காயப்போட வரும் பெண்களோடு பேசிய பேச்சு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அவளிடம் மிச்சம் இருக்கும்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. பிறகு கட்டடத்துச் சொசைட்டி செக்ரட்டரி சுரேந்திரன் மொட்டைமாடியைப் பூட்டினார். மேலே ஒரு செல்போன் டவர் வரப்போகிறது, யாரும் ஏறக்கூடாது, செடிகளை ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மரியசூசை போய்ப் பேசிப் பார்த்தார். உங்கள் வாளித் தண்ணீரால்தான் ஏழாவது மாடிச் சீலிங் ஒழுகுகிறது என்று பேச்சு வேறு பக்கம் திரும்பியது. முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

வாளிகள் வீட்டுக்குள் வந்தன. பத்து நாளில் தக்காளி இலை வெளிற ஆரம்பித்தது. ஏஞ்சலம்மாள் தினமும் நாலு வாளிகளை ஒவ்வொன்றாகக் கீழே சுமந்து போய், கேட் பக்கத்துச் சுவரோரம் வைத்து, ஒரு முக்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அந்த இடத்தில் மட்டும் பத்து மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வெயில் விழும். ஆடு வந்தால் விரட்டுவாள். பந்து வந்தால் எடுத்து வீசுவாள். இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்த மரியசூசைக்கு அது பொறுக்கவில்லை. வாட்ச்மேன் பெண்டாட்டி மாதிரி கேட்டில் உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒரு வெட்கம். அவள் முழங்காலை நினைத்து ஒரு கவலை. இரண்டில் எது அதிகம் என்று அப்போது அவர் யோசிக்கவில்லை. வெயிலை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்றார்.

"எனக்கு ஒரு செரமமும் இல்ல," என்றாள் ஏஞ்சலம்மாள். "நாலு சனத்தைப் பாத்துட்டு வாரேம்லா."

"லைட்டு என் தொழிலு. நீ சும்மா இரி," என்றார் அவர்.

தொழில் தெரிந்தவர் முதலில் செய்தது தப்பாகப் போனது. பழைய சிநேகிதன் ஒருவனிடம் கேட்டு ஸ்டூடியோ ஹாலஜன் விளக்கு ஒன்றை வாங்கி வந்து செடிகளுக்கு மேலே கட்டினார். அறை அடுப்பாகிவிட்டது. இரண்டாம் நாள் மிளகாயின் கொழுந்தெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அடுத்து செல்போனில் பார்த்து ஒரு விளக்கை வரவழைத்தார். ஆயிரம் வாட் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போட்டால் அறை முழுக்க ஊதா. சோறு நீலமாகத் தெரிந்தது. மாடிப்படியில் போகிற பிள்ளைகள் நின்று எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போயின. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் செடிகள் நூல் மாதிரி நீண்டு தலை சாய்ந்து கிடந்தன.

அந்த விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டுதான் செம்பூரில் நூர் நிஷாவின் கடைக்குப் போனார். மண், உரம், செடி விளக்கு எல்லாம் விற்கிற சின்னக் கடை. நூர் நிஷாவுக்கு நாற்பது வயதிருக்கும். அவளும் தாராவியில் வளர்ந்தவள்தான், அவள் வீட்டார் மேலப்பாளையத்துக்காரர்கள். கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் ஒரு மீட்டரை அவள் பிளக்கில் மாட்டி, விளக்கை அதில் சொருகிக் காட்டினாள். தொண்ணூறு வாட் என்று காட்டியது.

"ஆயிரம் வாட்டு டப்பாவுலதான் அண்ணாச்சி இருக்கு," என்றாள். "கண்ணுக்குப் பளிச்சுனு தெரியதை வச்சு வாங்காதிய. இலைக்கு வேற கணக்கு."

முப்பத்தோரு வருஷம் விளக்கோடு கிடந்தவருக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது நிஜம். நாலு சனிக்கிழமை தொடர்ந்து போனார். ஒவ்வொரு விளக்கையும் பிளக்கில் சொருகி எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தார். முதுகுப் பக்கத்து அலுமினியத்தில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். இலைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தை அளக்கும் கருவியை அவள் கொடுக்க, ஓர் அடி உயரத்தில் எவ்வளவு, இரண்டடியில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு என்று துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். புதினாவுக்குப் போதுமானது மிளகாய்க்கும் தக்காளிக்கும் போதாது, அதற்கு இரட்டிப்பு வேண்டும் என்று புரிந்தது. ஃபேன் வைத்த ஒன்று நல்ல விளக்குதான், ஆனால் இரைச்சல் போட்டது. ஏஞ்சலம்மாளுக்கு இரைச்சல் ஆகாது என்று அதைத் தள்ளினார். இன்னொன்றில் அல்ட்ரா வயலட் என்று தனியாக ஒரு வரிசை பல்புகள் இருந்தன. ஆள் புழங்குகிற வீட்டுக்கு அது வேண்டாம், கண்ணுக்குக் கெடுதல் என்றாள் நூர் நிஷா. அதையும் தள்ளினார். கடைசியில், நிஜமாகவே நூறு வாட் இழுக்கிற வெள்ளை வெளிச்சப் பலகை விளக்குகள் இரண்டை எடுத்தார்.

அவற்றைக் கட்டிய விதத்தில் அவர் கைத்திறமை தெரிந்தது. கயிற்றை இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். காலை ஆறுக்கு எரிந்து ராத்திரி எட்டுக்கு அணைய டைமர். பதினான்கு மணி நேரம். சுவரெல்லாம் வெள்ளைத் தாள் ஒட்டி, ஓரத்துக்கும் வெளிச்சம் திரும்பிப் போகிறபடி செய்தார். மூன்றாவது மாதம் மிளகாய் பூத்தது. தக்காளி குலை குலையாகப் பிடித்தது. பக்கத்துக் கட்டடங்களிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். மகன் ஆன்றோ சான்பாடாவிலிருந்து வந்து வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான். பங்குச் சாமியார்கூட வந்து, ஒரு தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். செட்டில் அவர் கொடுத்த வெயில், ஷூட்டிங் முடிந்து பேக்கப் சொன்னதும் அணைந்துவிடும். இந்த வெயிலில் காய் காய்க்கிறது. மரியசூசை அந்த நாட்களில் நிமிர்ந்து நடந்தார்.

ஏஞ்சலம்மாளுக்கு இப்போது கீழே போக வேலை இல்லை. கடைக்கும் அவரே போனார். லிஃப்ட் ஓடாத நாட்களில் நீ எதற்குப் படியிறங்கி அவதிப்படுகிறாய் என்றார். ஞாயிறு பூசைக்கு விடிவதற்கு முன்பே ரிக்ஷாவில் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள். அவள் நாற்காலியைச் செடிப் பக்கம் போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்தாள், ஜெபமாலை சொன்னாள். பேச்சு குறைந்தது. வயது ஆக ஆக அப்படித்தான் என்று அவர் நினைத்தார்.

ஒரு வருஷம் கழிந்து கால்வலி என்றாள். தைலம் தேய்த்துவிட்டார். எலும்புக்குள்ளே யாரோ ஊசி வைத்து நோண்டுகிற மாதிரி இருக்கிறது என்றாள். தேவ்நார் டாக்டர் வலிமாத்திரை எழுதினார். இடுப்பை இரண்டு பக்கமும் அசைத்து அசைத்து நடக்க ஆரம்பித்தாள். தரையிலிருந்து எழ அவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் காலையில் அவள் சொன்னாள்:

"கொஞ்சம் கீழ போய் இருந்துட்டு வரட்டா? வெயில் பட்டா நல்லா இருக்கும்."

லிஃப்ட் அன்று ஓடவில்லை. "வெயில்தான வேணும்? இங்கன வந்து இரி," என்று அவர் கயிற்றை விட்டு, ஒரு விளக்கை அவள் தலைக்கு நேராக இறக்கிக் கொடுத்தார். அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அதற்குக் காட்டியபடி உட்கார்ந்தாள். அதன் பிறகு கீழே போக அவள் கேட்கவில்லை.

இரண்டாம் வருஷம் மழை ஓய்ந்த சமயம். ஒரு மிளகாய் வாளியை மறுபக்கம் திருப்பி வைக்கக் குனிந்தாள். விழவில்லை, வழுக்கவில்லை. உள்ளே என்னவோ முறிகிற சத்தம் சமையலறையில் நின்ற அவருக்கே கேட்டது. அப்படியே செடிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இடுப்பெலும்பு.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த பெண் டாக்டர், வேறு இடங்களிலும் விரிசல் இருக்கிறது, எலும்பில் கெட்டியே இல்லை என்று சொல்லி ரத்தம் எடுத்தாள். மறுநாள் அவரைக் கூப்பிட்டு, அம்மா வெயிலில் போவதுண்டா என்று ஹிந்தியில் கேட்டாள். போவதில்லை, ஆனால் வீட்டிலேயே தினமும் பதினான்கு மணி நேரம் வெயில் மாதிரி வெளிச்சம் உண்டு என்றார் மரியசூசை. சொல்லும்போது குரலில் பழைய கர்வம் எட்டிப் பார்த்தது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்ன விளக்கு என்று விசாரித்தாள். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: வெயில் தோலில் பட்டு எலும்புக்குக் கொடுக்கிற வைட்டமின் டியில் துளிகூட அந்த விளக்கு கொடுக்காது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலே கொடுக்காது. எத்தனை நாளாக இப்படி?

அவர் விடவில்லை. முழு நிற வெளிச்சம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது, நான் அளந்து பார்த்திருக்கிறேன், எனக்கு விளக்கு தெரியும் என்றெல்லாம் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள். இரண்டு வருஷம் என்றார். அவள் எழுதிக்கொண்டாள்.

அன்றைக்கே நூர் நிஷாவின் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டார். என் வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொன்னேனே, ஆளுக்கு இது வெயிலாகாது என்று சொல்லவில்லையே என்றார். அவளுக்கு முகம் செத்துவிட்டது. கல்லாவை விட்டு எழுந்து வந்தாள்.

"செடிக்குன்னு கேட்டிய அண்ணாச்சி," என்றாள் மெதுவாக. "செடிக்குத்தான் குடுத்தேன்."

அவள் கொண்டுவந்த தண்ணீரையும் குடிக்காமல் இறங்கி நடந்தார்.

எலும்பில் தகடு வைத்துத் திருகினார்கள். திருகு பிடிப்பதே கஷ்டம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆன்றோ கத்தினான். "ஒரு நாளாவது கீழ கூட்டிட்டுப் போனீங்களாப்பா? பைத்தியம் மாதிரி செடியவே பாத்துட்டு இருந்தீங்களா?" அந்தச் செடிகளை வீடியோ எடுத்தவன் நீதானே என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இருபது நாள் கழித்து நாலு பேர் பிடித்து, நாற்காலியோடு அவளை மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்தார்கள். கதவைத் திறந்ததும் வெளிச்சம். டைமர் தன்பாட்டுக்கு விளக்குகளை ஏற்றி அணைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் ஊற்றியிருந்தாள். மிளகாய்கள் பறிக்க ஆளில்லாமல் சிவந்து தொங்கின. ஏஞ்சலம்மாள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகு மரியசூசை அவள் காலடியில் உட்கார்ந்து, உன்னை மேலேயும் கீழேயும் அலையவிடக் கூடாது என்றுதான் செய்தேன் என்றார்.

"நான் செடிக்காவ வெயிலுக்குப் போனேன்னா நெனச்சிய?" என்றாள் அவள்.

குரலில் கோபம் இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஆன்றோவும் மருமகள் ரெபேக்காவும் வந்து அவளைச் சான்பாடாவுக்குக் கூட்டிப் போனார்கள். அவர்கள் வீட்டு பால்கனியில் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை நேர் வெயில் விழும். ஒரே படுக்கையறை, இரண்டு பிள்ளைகள். அப்பா எங்கே படுப்பார் என்ற பேச்சு எழவே இல்லை. நீங்களும் வாருங்கள் என்று அவளும் சொல்லவில்லை. துணிமணிகளை அவர்தான் மடித்துப் பையில் வைத்தார்.

விளக்குகளை அவர் கழற்றவில்லை. பிளக்கை மட்டும் உருவிவிட்டார். தக்காளி முதலில் போனது, கறிவேப்பிலை கடைசியில். காய்ந்த வாளிகளைக் கீழே குப்பை வண்டிக்கு இறக்க மூன்று நாள் ஆனது.

அவள் போன பிறகு வந்த முதல் ஞாயிறு அவர் பக்கத்துக் கோவண்டி ஸ்டேஷனில் ரயில் ஏறி, பத்தரைக்கெல்லாம் சான்பாடா போய்ச் சேர்ந்தார். ஏஞ்சலம்மாள் பால்கனியில் வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, சேலையை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வாசல்படி ஓரமாக உட்கார்ந்தார். வலி எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றாள். சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்டாள். சாப்பிட்டேன் என்றார். விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி இருந்தது. கீழே ரோட்டில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்தபோதுதான் அவள் திரும்பினாள்.

"அடுத்த வாரம் பன்னெண்டுக்கு மேல வாங்க," என்றாள். "அதுக்கு முந்தி நான் வெயில்ல இருப்பேன்."

சரி என்றார். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பன்னிரண்டு தாண்டித்தான் அந்த வீட்டு மணியை அடிக்கிறார்.